உட்காராமல் போன பத்து நிமிடம்



கடந்த ஆகஸ்ட் மாதத்தில் நம் சபையின் சகோதரர் ஒருவர் குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்ந்தார். இதை எழுதிக்கொள்ள அவர் அனுமதி தந்தார். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். தெற்குச் சீமையிலிருந்து அவர் திருப்பூருக்கு வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர். மனைவி கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். ஒரே மகள் மணமாகிப் பெங்களூரில் இருக்கிறாள். அவளுக்கு அது பிரசவ மாதம். ஆகவே தகப்பன் அவளுக்குச் சொல்லாமலே சேர்ந்துவிட்டார்.

மருத்துவமனைப் படிவத்தில் உடன் இருப்பவர் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுத ஓர் இடம் இருக்கும் அல்லவா? அந்த இடத்தில் அவர் என் எண்ணை எழுதியிருக்கிறார். செவிலியர் என்னை அழைத்தபோது நான் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் இருந்தேன். அது முடிந்ததும் விரைந்தேன். அடுத்து சேகரக் கமிட்டி காத்திருந்தது. கட்டிலருகே நின்றபடி ஒரு சங்கீதம் வாசித்தேன். அவர் தலைமேல் கைவைத்து ஜெபித்தேன். எல்லாம் நலமாக முடியும் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். மொத்தம் பத்து நிமிடம். என் மனதில் அன்றிரவு குறை எதுவும் இல்லை. போகவேண்டிய இடத்துக்குப் போனேன், செய்யவேண்டியதைச் செய்தேன் என்றே நினைத்தேன்.

ஒரு மாதத்துக்குப் பின், ஆராதனை முடிந்து ஆலய வாசலில் கைகொடுக்கும்போது அவர் சற்றே தயங்கி நின்றார். அவர் ஊரில் போதகரை "ஐயர்" என்று அழைப்பதே வழக்கம். "ஐயர், அன்னைக்கு வந்து ஜெபம் பண்ணினீங்க, சந்தோஷம். ஆனா நீங்க உக்காரவே இல்ல" என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. பக்கத்தில் ஒரு நாற்காலி கிடந்ததாம். நான் போன பிறகு இரவு முழுவதும் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாராம்.

அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை. பிறகொரு நாள் அவர் வீட்டுக்குச் சென்றேன், இம்முறை உட்கார்ந்தேன். அப்போதுதான் இன்னொன்றும் தெரியவந்தது. கட்டிங் மேசையில் அவரோடு பதினோரு ஆண்டுகள் எதிரெதிரே நின்று வேலை பார்த்தவர் ஒருவர் உண்டு. அறுவைச் சிகிச்சை நாளன்று அவர் அரை நாள் அனுமதி கேட்டிருக்கிறார். ஷிப்மெண்ட் நேரம். "சொந்தக்காரரா?" என்று மேலாளர் கேட்டார். "இல்லீங்க, சிநேகிதர்" என்றார். "சிநேகிதர்தானே?" என்று மேலாளர் சொல்ல, பேச்சு அங்கேயே முடிந்துபோயிற்று.

"சிநேகிதர்தானே" என்னும் சொல்லின் முடிவில் நிற்கும் அந்த "தானே" எவ்வளவு கனமுள்ளது பாருங்கள். அந்த மேலாளரை நான் குறைசொல்ல வரவில்லை. அவர் கையில் இருந்த விதிகளில் அதற்கு இடமில்லை. தகப்பன் இறந்தால் விடுப்பு உண்டு. சகோதரி திருமணத்துக்கு விடுப்பு உண்டு. நண்பன் படுத்திருக்கிறான் என்பதற்கு விடுப்பு விண்ணப்பத்தில் எழுதக் காரணமே கிடையாது. ஆகையால் நம் ஜனங்களில் பலர் பாட்டியை மறுபடியும் சாகவைத்து விடுப்பு எடுக்கிறார்கள்! சிரிக்கலாம், ஆனாலும் அந்தப் பொய்க்குள் ஒரு துக்கம் இருக்கிறது.

இறையியல் கல்லூரி நாட்களில் நான் வாசித்துவிட்டு அதிகம் யோசியாமல் விட்ட ஒரு கடிதம் இப்பொழுது நினைவுக்கு வந்தது. ஜெர்மானியப் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர் 1943 ஏப்ரலில் நாஜி அரசால் கைதுசெய்யப்பட்டு பெர்லின் நகரின் டேகல் சிறையில் வைக்கப்பட்டார். அங்கிருந்து தம் நண்பர் எபர்ஹார்ட் பெத்கேக்கு அவர் கடிதங்கள் எழுதினார். 1944 ஜனவரியில் எழுதிய ஒன்றில் நட்பைக் குறித்து யோசிக்கிறார். திருமணம், வேலை, அரசு, திருச்சபை ஆகியவற்றைத் தேவன் கட்டளையிட்டு ஏற்படுத்திய அமைப்புகளாக அவர் கண்டவர். நட்பை இந்த வரிசையில் எங்கே வைப்பது என்பதே அவர் கேள்வி. மற்றவற்றுக்கெல்லாம் உலகம் ஒப்புக்கொண்ட உரிமைகள் இருக்கின்றன. நட்புக்கு அப்படி எதுவும் இல்லை. அது தன் சொந்த உள்ளடக்கத்தை மட்டுமே நம்பி நிற்கவேண்டியிருக்கிறது என்பது அவர் கருத்தின் சாரம். சிறைக்குள் இருப்பவருக்கு இது வெறும் தத்துவ விசாரணை அன்று. உறவினருக்குச் சந்திக்கும் உரிமை உண்டு. நண்பனுக்கு என்ன உண்டு?

1945 ஏப்ரல் 9 அன்று போன்ஹோஃபர் ஃப்ளோசன்பியுர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய சிறைக் கடிதங்களைக் காத்து 1951ல் நூலாக வெளியிட்டவர் அந்த நண்பர் பெத்கேதான். உலகெங்கும் இறையியல் மாணவர்கள் பரீட்சைக்குப் படிக்கும் அந்தச் சிந்தனைகளில் பெரும்பகுதி, ஒரு மனிதன் தன் சிநேகிதனுக்கு மனம்விட்டு எழுதியவை. நானும் அப்படிப் பரீட்சைக்குப் படித்தவன்தான். கேள்வித்தாளில் சிநேகிதனைக் குறித்து எதுவும் வரவில்லை.

போன்ஹோஃபர் சொன்னதை நம் நிலைமைக்குக் கொண்டுவந்து பாருங்கள். நம் நேரத்தைக் கேட்கும் ஒவ்வொன்றின் கையிலும் ஒரு கோல் இருக்கிறது. வேலைக்குச் சம்பளம் என்னும் கோல். போகாவிட்டால் சனிக்கிழமைச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். குடும்பத்துக்குக் கடமை என்னும் கோல். உறவினர் விசேஷத்துக்குப் போகாவிட்டால் பத்து வருடம் பேச்சு நிற்கும். சபைக்கும் கோல் உண்டு. அதைப் பிடித்திருப்பவன் நானே என்பதால் அதன் அடி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். நட்பின் கையில் மட்டும் கோல் இல்லை. நண்பன் வற்புறுத்தமாட்டான். "பரவாயில்லை, அடுத்த தடவை பார்ப்போம்" என்பான். வற்புறுத்தாதவனுக்குரிய நேரத்தைத்தான் நாம் எல்லாரும் எடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்கிறோம். நேரம் இல்லை என்பதல்ல உண்மை. கேட்டு வாங்காதவனுக்கு நேரம் இல்லை.

இப்படிச் சொல்வதில் ஓர் அநியாயம் நேர்ந்துவிடக்கூடும்; அதைத் தவிர்க்க விரும்புகிறேன். காலை எட்டரைக்கு பவர்டேபிளில் உட்கார்ந்து ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு ஒன்பதுக்கு வீடு திரும்பி, அதன்பின் சோறு வடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் படுக்கிற ஒரு சகோதரியிடம் போய், "நீங்கள் தோழியருக்கு நேரம் ஒதுக்க வேண்டும்" என்று ஆலோசனை சொல்லும் துணிவு எனக்கு இல்லை. அவர்களுக்கு நட்பு எப்போது பறிபோயிற்று என்று எனக்குத் தெரியும். திருமணமாகி கணவனுடைய ஊருக்கு வந்த அன்று போயிற்று. ஆண்களுக்காவது தேநீர்க்கடை பெஞ்சு உண்டு. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒருமுறை, பள்ளிக்கூடத்துத் தோழியின் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதச் சொன்னேன். எல்லாரும் எழுதினார்கள். கடைசியாக அவளோடு பேசியது எப்போது என்று கேட்டேன். அறையில் அமைதி உண்டாயிற்று. ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மாள், "அவ இருக்காளா இல்லையான்னே தெரியல ஐயா" என்றார். அந்த வாரம் நான் ஆயத்தம்பண்ணி வைத்திருந்த வேதபாடத்தை நடத்தவில்லை.

இப்போது பவுலிடம் வருகிறேன். வேலையும் ஊழியமும் மிகுந்தவர்களுக்கு அவரைக் காட்டிலும் பொருத்தமான சாட்சி இல்லை. கூடாரம் பண்ணும் தொழிலால் பிழைத்தவர். அதற்குமேல் சபைகளின் பாரத்தைச் சுமந்தவர். கொரிந்து பட்டணத்தில் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவருக்குக் கிடைத்தது எப்படி? அப்போஸ்தலருடைய நடபடிகள் 18ஆம் அதிகாரம் சொல்லும் காரணம் மிக எளியது. ஒரே தொழில். ஒரே இடத்தில் தங்கி ஒன்றாக வேலை செய்தார்கள். பின்னாளில் ரோமருக்கு எழுதும்போது, தமக்காகத் தங்கள் கழுத்தையே கொடுத்தவர்கள் என்ற பொருளில் பவுல் அவர்களை நினைவுகூருகிறார். கட்டிங் மேசையில் எதிரெதிரே நின்ற அந்த இருவரையும் நான் இப்போது இந்த வசனங்களோடு சேர்த்தே நினைக்கிறேன். வேலை எப்போதும் நட்பின் சத்துரு அல்ல. பல சமயம் அதன் தொட்டிலும் வேலையே. பிறந்த பிள்ளையைக் கவனிக்க விடுமா என்பதே கேள்வி.

ஆனால் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்த பகுதி 2 கொரிந்தியர் 2ஆம் அதிகாரத்தின் 12, 13ஆம் வசனங்கள். சுவிசேஷத்தை அறிவிக்கப் பவுல் துரோவா பட்டணத்துக்கு வருகிறார். அங்கே கர்த்தராலே கதவு திறந்திருக்கிறது. ஊழியக்காரன் ஒருவன் இதைவிட வேறு என்ன கேட்பான்? எழுப்புதல் கூட்டங்களுக்காக இரவு முழுவதும் ஜெபித்துக் காத்திருக்கிறோமே, அந்தக் கதவு அங்கே திறந்தே கிடந்தது. பவுலோ, தீத்துவை அங்கே காணாததினால் தம் ஆவிக்கு அமைதியில்லை என்று சொல்லி, அந்த ஜனங்களிடம் விடைபெற்று மக்கெதோனியாவுக்குப் புறப்பட்டுப் போய்விடுகிறார். கொரிந்து சபையைப்பற்றிய செய்தியைத் தீத்து கொண்டுவரவேண்டியிருந்தது என்பது உண்மை. அந்தக் கவலையும் அவரை அலைக்கழித்தது. ஆயினும் அதை எழுதும்போது அவர் சொல்லும் காரணம், சகோதரனைக் காணவில்லை என்பதே. அதை மறைத்து, ஆவியானவர் வேறு திசை காட்டினார் என்று எழுதியிருக்கலாம். நாமாயிருந்தால் அப்படித்தான் அறிக்கை எழுதியிருப்போம்.

அதே நிருபத்தின் 7ஆம் அதிகாரத்தில் கதை தொடர்கிறது. மக்கெதோனியாவிலும் அவருக்கு இளைப்பாறுதல் இல்லை. வெளியே போராட்டம், உள்ளே பயம். அப்போது தேவன் அவருக்கு ஆறுதல் தந்தார். எப்படி? தரிசனம் தந்தல்ல, தூதனை அனுப்பியல்ல. தீத்து வந்து சேர்ந்தான். தேவன் தந்த ஆறுதல் இரண்டு கால்களால் நடந்து வந்தது. "இயேசுவே என் நண்பர், எனக்கு வேறு யாரும் தேவையில்லை" என்று சாட்சி சொல்லுகிறவர்களைக் கேட்கும்போது நான் இந்த அதிகாரத்தை நினைத்துக்கொள்வேன். இயேசுவின் சிநேகத்தைப் பவுலைவிட அதிகமாய் அறிந்தவர் யார்? அவருக்கே தீத்து தேவைப்பட்டான்.

பவுலின் இறுதி நாட்களில் எழுதப்பட்ட நிருபத்திலும் ஒருவன் நடந்து வருகிறான். எபேசுவில் அவருக்குப் பலவிதத்தில் உதவியிருந்த ஒநேசிப்போரு, ரோமாவுக்கு வந்தபோது வெகு பிரயாசப்பட்டுத் தேடி அவரைக் கண்டுபிடித்தான். அவன் செய்ததைச் சொல்லப் பவுல் பயன்படுத்தும் கிரேக்க வினைச்சொல்லுக்குக் குளிரப்பண்ணுதல், மறுபடி மூச்சுவிடச் செய்தல் என்று பொருள். நம் தமிழ் வேதாகமம் அதை இளைப்பாற்றுதல் என்று அழகாக மொழிபெயர்க்கிறது. புதிய ஏற்பாட்டில் அந்த வினைச்சொல் இந்த ஓர் இடத்தில்தான் வருகிறது. விலங்கிடப்பட்டிருந்த அந்த முதியவருக்கு அவன் என்ன கொண்டுபோனான் என்பதைப்பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வந்தான், தேடினான், வெட்கப்படவில்லை, அவ்வளவுதான் எழுதியிருக்கிறது.

இதையெல்லாம் பிரசங்கித்திருக்கிறேன் பிரியமானவர்களே. தீத்துவைக் குறித்து மூன்று முறையாவது பிரசங்கித்திருப்பேன். என் தீத்துவைப் பற்றி இப்போது சொல்லவேண்டும்.

இறையியல் கல்லூரி விடுதியில் நானும் ஒருவரும் நான்கு ஆண்டுகள் ஒரே அறையில் இருந்தோம். கிரேக்க இலக்கணத்தில் நான் தேறியது அவரால். சமையலறையில் இரவில் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்து, காலையில் இருவரும் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டிருக்கிறோம். இப்போது அவர் சாயல்குடிப் பக்கத்தில் ஒரு சிறிய சேகரத்தில் ஊழியம் செய்கிறார். சென்ற வருடத்தில் மூன்று முறை என்னைக் கைப்பேசியில் அழைத்தார். மூன்று முறையும் நான் எங்கோ போய்க்கொண்டிருந்தேன். "என்ன விசேஷம்?" என்று கேட்டேன். "சும்மாதான் கூப்பிட்டேன்" என்றார். "அப்படியா, கமிட்டிக்குப் போகிறேன், நாளைக்கு அழைக்கிறேன்" என்றேன். அந்த நாளை வரவில்லை.

எட்டு மாதங்களுக்குப் பின் வேறொரு போதகர் வாயிலாகத்தான், அவருடைய மனைவிக்குப் புற்றுநோய் என்றும், மதுரைக்கும் ஊருக்கும் இடையே சிகிச்சைக்காக அவர் அலைந்துகொண்டிருக்கிறார் என்றும் அறிந்தேன். உடனே அழைத்தேன். "ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவர் சிரித்தார். "சொல்லத்தான் கூப்பிட்டேன். நீ அவசரத்தில் இருந்தாய். இது பத்து நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற காரியமா?" என்றார்.

"சும்மா" என்னும் சொல்லை நம் மொழி நமக்குக் கொடுத்திருக்கிறது. சும்மா வந்தேன், சும்மா கூப்பிட்டேன், சும்மா உட்கார்ந்திருந்தோம். காரியம் ஒன்றும் இல்லை என்பது அதன் மேற்பொருள். உன்னைத் தவிர எனக்கு வேறு காரியம் இல்லை என்பது அதன் உட்பொருள். சில வேளைகளில், சொல்லமுடியாத அளவு பெரிய காரியம் இருக்கிறது, நீ கேட்டால் சொல்வேன் என்பதும் அதற்குப் பொருள். போதகனாகிய எனக்கு யாரும் சும்மா அழைப்பதில்லை. ஒவ்வோர் அழைப்பிலும் ஒரு தேவை இருக்கும். ஜெபம், சிபாரிசுக் கடிதம், ஞானஸ்நானச் சான்றிதழ், வீடு பிரதிஷ்டை. ஆகவே காரியம் இல்லாத அழைப்பை எப்படி ஏற்பது என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். சபை மக்களோடு சிநேகம் பாராட்டாதே, பட்சபாதம் என்பார்கள் என்று இளமையில் மூத்த போதகர்கள் எனக்குச் சொன்னார்கள். அதில் ஞானம் உண்டு. ஒருவர் வீட்டில் அதிகம் சாப்பிட்டால் அடுத்த வீட்டில் முணுமுணுப்பு எழும். ஆனால் அந்தப் புத்திமதியை முப்பது வருடம் கைக்கொண்டதன் பலன், எனக்குத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என்னைச் சும்மா அழைத்தவர் ஒருவர், அவரையும் நான் காக்கவைத்தேன்.

யோவான் 15ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சீஷர்களிடம், இனி உங்களை ஊழியக்காரர் என்று சொல்லாமல் சிநேகிதர் என்றே சொல்லுகிறேன் என்ற கருத்தில் பேசுகிறார். இதைக் கேட்ட பிறகும் நம் சபைகளில் மதிப்பு எந்த வார்த்தைக்கு இருக்கிறது? ஊழியம். பாடுவது ஊழியம், பெருக்குவது ஊழியம், பாய் விரிப்பது ஊழியம். யாராவது என்னிடம் "ஐயா, நான் என்ன ஊழியம் செய்யட்டும்?" என்று கேட்கிறார்கள், "நான் யாரோடு சிநேகமாயிருக்கட்டும்?" என்று ஒருவரும் கேட்டதில்லை. அவர் நம்மை உயர்த்தி வைத்த இடத்திலிருந்து நாமே இறங்கி, வேலைக்காரர் வரிசையில் போய் நிற்கிறோம். அங்கே நிற்பது எளிது. வேலைக்கு அளவு உண்டு, கணக்கு உண்டு. வருடாந்தர அறிக்கையில் எழுதலாம்.

ஆகவே இந்த மடலின் வழியாக ஒரு காரியத்தை உங்கள் முன் வைக்கிறேன். சென்ற மாதம் சேகரக் கமிட்டியில் வைத்தேன், இன்னும் முடிவாகவில்லை.

நம் ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். காலை 8.30க்கு ஆராதனை. 11 மணிக்கு ஞாயிறு பள்ளி ஆசிரியர் கூட்டம். 2.30க்குப் பெண்கள் ஐக்கிய சங்கம். 4 மணிக்கு வாலிபர் கூடுகை. 5 மணிக்குப் பாடகர் குழுப் பயிற்சி. 6.30க்கு மாலை ஆராதனை. அதன்பின் ஏதாவது ஒரு கமிட்டி. வாரத்தில் ஆறு நாட்களைக் கம்பெனி எடுத்துக்கொள்கிறது. மீதியிருந்த ஒரே நாளை நாம் எடுத்துக்கொள்கிறோம். ஷிப்மெண்ட் நேரத்தில் ஞாயிறும் வேலை வைக்கிறார்கள் என்று பிரசங்க பீடத்திலிருந்து நானே கண்டித்திருக்கிறேன். அடுத்த நிமிடம் அறிவிப்புகளில் அந்த நாளின் மதியத்தையும் மாலையையும் நானே நிரப்பியிருக்கிறேன். உண்மையுள்ள விசுவாசிகளுக்கே இந்தச் சுமை அதிகம். அசட்டையானவர்கள் நன்றாக வீட்டில் இருக்கிறார்கள்.

ஆகையால் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று, காலை ஆராதனைக்குப் பிறகு சபையில் எந்தக் கூடுகையும் வைக்கவேண்டாம் என்று கேட்டேன். மாலை ஆராதனையும் அன்று வேண்டாம். அந்த மதியத்தில் ஒவ்வொருவரும் ஒரு நண்பரைப் பார்க்கப் போகட்டும். சபை மூலமாக அல்ல, ஜெபக்குழுவாக அல்ல, சும்மா. நண்பர் நம் சபையாராய் இருக்கவேண்டும் என்பதும் இல்லை, கிறிஸ்தவராய் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. கைப்பிரதி எடுத்துப் போகவேண்டாம் என்று சொன்னபோது சிலர் முகம் மாறியது. நண்பனைப் பார்க்கப் போகிறவன் ஆத்தும ஆதாயக் கணக்கோடு போனால், அதை நண்பன் வாசற்படியிலேயே கண்டுகொள்வான்.

ஒரு மூப்பர் எழுந்து, "ஆலயத்தைப் பூட்டிவிட்டால் ஜனங்கள் சினிமாவுக்குத்தான் போவார்கள்" என்றார். சிலர் போவார்கள். வேறு சிலர் தூங்குவார்கள். ஒன்றரை ஷிப்ட் பார்த்தவன் தூங்குவதைத் தேவன் கோபித்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. இன்னொருவர், நண்பர்கள் கூடினால் புறங்கூறுதல்தானே நடக்கிறது என்றார். அதுவும் உண்மைதான். ஆனால் புறங்கூறுதல் சபைக் கமிட்டிகளிலும் நடக்கிறது. அதனால் நாம் கமிட்டிகளை நிறுத்திவிடவில்லை. மாலை ஆராதனைக் காணிக்கை குறையுமே என்ற கேள்வி மட்டும் எனக்கு உண்மையாகவே கடினமாக இருந்தது. குறையும். எவ்வளவு குறையும் என்று பொருளாளர் கணக்குப் பார்த்துச் சொல்வதாக இருக்கிறார். அந்தக் குறைவை ஏற்பதா என்பதே அடுத்த கூட்டத்தில் கேள்வி. ஏற்கலாம் என்பது என் கருத்து.

யோபின் சிநேகிதரை நாம் எப்போதும் குறைவாகவே பேசுகிறோம். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்றால் தவறான ஆலோசனைக்கு உதாரணம். அவர்கள் வாய் திறந்தது 4ஆம் அதிகாரத்திலிருந்துதான். 2ஆம் அதிகாரத்தின் கடைசி மூன்று வசனங்களை மறுபடி வாசித்துப் பாருங்கள். செய்தியைக் கேட்டவுடன் மூவரும் தங்கள் தங்கள் ஊரிலிருந்து புறப்படுகிறார்கள். முன்கூட்டியே ஒருவரோடொருவர் பேசி நாள் குறித்துக்கொண்டு வருகிறார்கள். தூரத்திலிருந்து பார்க்கையில் அவனை அடையாளம் தெரியவில்லை, சத்தமிட்டு அழுகிறார்கள். பிறகு ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவனும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்களுக்கும் மந்தைகளும் குடும்பங்களும் இருந்திருக்கும். ஏழு நாள் அவை காத்திருந்தன. பின்னால் அவர்கள் பேசிய பேச்சுக்காகத் தேவன் அவர்களைக் கடிந்துகொண்டார். அந்த ஏழு நாட்களைக் குறித்து ஒரு கடிதலும் இல்லை. என்னுடைய பத்து நிமிடத்திலோ, வார்த்தைகள் எல்லாம் சரியாக இருந்தன. சங்கீதம் சரி, ஜெபம் சரி. தரைதான் இல்லை.

கட்டிங் மாஸ்டர் இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டார். பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது. எதிர் மேசைக்காரர் தம் மனைவியோடு ஒரு ஞாயிறு அவர் வீட்டுக்கு வந்து, அன்று வரமுடியாமற்போனதற்கு மன்னிப்புக் கேட்டுச் சாப்பிட்டுப் போனாராம். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல. இருவருமாகச் சேர்ந்து பெங்களூருக்குக் குழந்தையைப் பார்க்கப் போவதாகப் பேச்சு. ஷிப்மெண்ட் இல்லாத வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வருகிற புதன் இரவு நான் தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாக மதுரைக்குப் பேருந்து ஏறுகிறேன், அங்கிருந்து சாயல்குடி. வியாழன் வேதபாடத்தை உபதேசியார் நடத்துவார். வெள்ளிக்கிழமைக் கமிட்டிக்கு நான் இருக்கமாட்டேன் என்று செயலரிடம் காரணத்துடன் சொல்லிவிட்டேன். "உறவினரா ஐயா?" என்று கேட்டார். இல்லை, சிநேகிதர் என்றேன். நண்பரின் மனைவிக்கு நான்காவது சுற்று மருந்து ஏற்றி அப்போது நான்கு நாள் ஆகியிருக்கும். சாப்பாடு எதுவும் இறங்காது, யாரும் சமைத்துக்கொண்டு வரவேண்டாம், வந்து உட்கார்ந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார். நான்கு நாட்கள் தங்குகிறேன். ஆகையால் அடுத்த வாரம் இந்தப் பகுதியில் மடல் வராது.